மூன்றாம் வார்டின் திரைக்காவியம்

மனிதகுலம் எதற்காகக் கேமராவைக் கண்டுபிடித்தது என்ற கேள்விக்கு, எங்கள் மருத்துவமனை மேலாளர் அதைக் கையில் எடுத்த பிறகுதான் விடை கிடைத்தது. அலுவலக உதவியாளனான நான் அதைக் கண்ணாரக் கண்டவன்.

மூன்றாம் வார்டின் கூரை, மேலிருக்கும் தண்ணீர்த் தொட்டியின் புண்ணியத்தில், ஒழுகியது. பழுதுபார்க்க நிதி கேட்டோம். "ஒழுகுவதைப் படமெடுத்து அனுப்புக" என்றது தலைமையகம். வேறொருவராக இருந்தால் செல்போனை நீட்டி எடுத்துத் தொலைத்திருப்பார். எங்கள் மேலாளர் அப்படிப்பட்ட அவசரக்குடுக்கை அல்லர். "உலகத்தரமான" படமொன்றைப் பார்த்து அனைவரும் ஒளிப்பதிவு பயில ஆணையிட்டார். கூட்ட அறையில் தினமும் வகுப்பு. வார்டு ஒழுகிக்கொண்டே இருந்தது. கலைக்குப் பொறுமை வேண்டும்.

ஒருவர் கதவைச் சாத்தும் காட்சியில் மேலாளர் படத்தை நிறுத்தினார்.

"கேமரா ஏன் தரையில இருக்கு? சொல்லுங்க."

"ஸ்டாண்டு உடைஞ்சிருக்கும் சார்" என்றார் ஆம்புலன்ஸ் டிரைவர்.

"அதிகாரம்யா! கீழேயிருந்து பார்த்தா எவனும் பெரிய ஆளாத் தெரிவான்."

பணியில் சேர்ந்த நாள் முதல் நாங்கள் அவரை அப்படித்தான் பார்த்துவருகிறோம் என்பதால், பாடம் சட்டென்று பிடிபட்டது.

படப்பிடிப்பு நாளும் வந்தது. மூன்றாம் வார்டு நர்ஸ் என் சொந்த அக்கா. கலைஞானம் சற்றுக் குறைவு. ஒழுகலுக்கு நேர்கீழே குடைபிடித்துப் படுத்திருந்த ஆறாம் கட்டில் அம்மாவை முதலில் எடுக்கச் சொன்னாள்.

"கட்டிலைத் தள்ளுங்க சிஸ்டர், ஃபிரேம் கசகசன்னு இருக்கு. வெற்றிடம் பேசணும்."

"இந்த அம்மாவே நல்லாப் பேசுவாங்க சார், கேட்டுப் பாருங்க."

"வேணும்னா குடையை மடக்கிடட்டுமா?" என்றார் அந்த அம்மா, பெருந்தன்மையாக.

"தம்பி, நீயாவது சொல்லேன்டா" என்றாள் அக்கா. நான் ஸ்டாண்டை ஆடாமல் பிடிக்கும் பொறுப்பான பணியில் இருந்தேன்.

கட்டில் நடைவழிக்குப் போனது. ஒழுகலுக்கு வைத்திருந்த வாளியும் போனது. பாசி படர்ந்த சுவர், சன்னல் வெயில், மெதுவாக உதிரும் முத்துத் துளிகள். மேலாளரே சொக்கிப்போனார்.

படத்தைப் பார்த்த தலைமையக இயக்குநர் போனில் அழைத்தார். எல்லோரும் கேட்கட்டும் என்று மேலாளர் ஸ்பீக்கரில் போட்டார்.

"பிரமாதம்யா! அந்த அருவி எங்க இருக்கு? குடும்பத்தோட வரணும்."

"சார், அது எங்க வார்டு..."

"வார்டுக்குள்ளயேவா? கொடுத்து வெச்சவங்கய்யா! நோயாளிங்க உக்காந்து ரசிக்க ஒரு பெஞ்சு சாங்ஷன் பண்றேன்."

பெஞ்சு வந்தது. கூரைக்கு நிதி வரவில்லை.

"ஒளி சரி, கோணம் சரி. எங்க தப்பு நடந்துச்சு?" என்று மேலாளர் உண்மையிலேயே வருந்தினார்.

"ஒழுகுதுன்னு தெரியணும்னா, யார் மேல ஒழுகுதுன்னு காட்டணும் சார்" என்றாள் அக்கா. "அவங்களைத்தான் ஃபிரேம் அழகு கெட்டுடும்னு வெளிய தள்ளிட்டீங்களே!"

மேலாளரின் கண்கள் கலங்கின.

"அற்புதம் சிஸ்டர்! இதையே சன்னல் பக்கம் திரும்பி இன்னொரு தடவை சொல்லுங்க. தம்பி, கேமரா!"