வங்காளத்தைத் துடைத்த சனிக்கிழமை

"படம் பார்க்கிறதுக்கு ஆரும் சம்பளம் குடுப்பினமே?"

கிழக்கு லண்டனில் ஒரு சின்ன வங்காளக் கலைக்கூடத்தில் எனக்குச் சனிக்கிழமை வேலை கிடைத்தது என்று சொன்னபோது அண்ணை கேட்ட கேள்வி இது. அவர் தோர்ண்டன் ஹீத்தில் ஒரு பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட் செய்துகொண்டிருந்தார். எங்கள் குடும்பத்தில் எட்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். (தாண்டியதை நான் மறக்கவில்லை. மற்றவர்களை மறக்க விடவும் இல்லை.)

"பார்க்கிறதுக்கு இல்லை அண்ணை, விளங்கப்படுத்திறதுக்கு," என்றேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. தொண்ணூறுகளின் தொடக்கம். வங்காளம் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அது வரைபடத்தில் வலப்பக்கம் இருக்கிறது என்பது மட்டுமே. அதை ஒரு குறையாக நான் நினைக்கவில்லை. படித்தவளுக்கு வாசித்தால் எல்லாம் வந்துவிடும் அல்லவா. லண்டனில் வங்காளப் பொருள் இருப்பதாகக் கேள்விப்பட்ட ஒரு காட்சிக்கூடத்தையும் விடவில்லை. போதாதென்று ரயிலேறி வெளியூர் அருங்காட்சியகங்களுக்கும் போனேன். பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்த விரிப்புகள், சுடுமண் யானைகள், சுருள் ஓவியங்கள். ஒவ்வொன்றின் முன்னாலும் குனிந்து, கீழே ஒட்டியிருந்த லேபிளை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்வேன். ஓரிடத்தில் காவலுக்கு நின்ற கிழவர் பொறுக்க முடியாமல் என் தோளைத் தட்டி, "மிஸ், படம் மேலே இருக்கிறது," என்றார்.

மேலே பார்க்க எனக்கு நேரம் இருக்கவில்லை.

கலைக்கூடத்தின் பொறுப்பாளர் ஜேன் என்ற வெள்ளைக்காரி. புதுக் கண்காட்சியின் திறப்பு விழா நல்லபடி முடிந்தால் என்னை நிரந்தரமாக எடுப்பதாகச் சொல்லியிருந்தார். அதற்கு முந்தின சனிக்கிழமை பதினான்கு லேபிள்களையும், எது எங்கே என்ற பட்டியலையும் தந்தார். பதின்மூன்றைச் சுவரில் ஒட்டினேன். பதினான்காவதற்கு நேரே 'தரை' என்று இருந்தது. தரையைப் பார்த்தேன். வெறும் மரப்பலகை. ஜேன் பிழையாக எழுதிவிட்டார் என்று முடிவு செய்து, அவர் மனம் நோகக்கூடாது என்பதற்காக அதைச் சொல்லாமல், லேபிளை வாசிக்காமலே கைப்பையில் போட்டுக்கொண்டேன். என் பெருந்தன்மை அப்படிப்பட்டது.

திறப்பு விழா சனிக்கிழமை பதினொரு மணிக்கு. உள்ளூர்க் கவுன்சிலிலிருந்து ஒரு பெரிய மனிதர் வருகிறார். கலைக்கூடத்துக்குப் பண உதவி தொடர்வதும் நிற்பதும் அவர் கையில். நான் எட்டரைக்கே போய்க் கதவைத் திறந்தேன்.

தரை முழுக்கக் கோலம்.

அரிசிமாக் கரைசலில் போட்டிருந்தது. காய்ந்து அங்கங்கே வெடித்து, ஒரு மூலையில் கதிரைக் கால்கள் இழுபட்ட தடம். நேற்று ஏதோ பூசை நடந்திருக்கிறது, முடிந்தபின் துடைக்காமல் போயிருக்கிறார்கள் என்று எரிச்சல் வந்தது. எங்கள் வீட்டில் நேற்றைய கோலத்தோடு விடிந்தால் அம்மா அதைக் கழுவாத கோப்பையைப் பார்ப்பதுபோலத்தான் பார்ப்பா. அத்தோடு, அதன் பக்கத்தில் லேபிள் இல்லை. லேபிள் இல்லாதது கலையாக இருக்க முடியாது என்று எனக்குத் தெரியும்.

வெந்நீரும் பழைய துணியும் எடுத்து, முழங்காலில் நின்று ஒரு மணி நேரம் துடைத்தேன். பலகை பளபளத்தது. கையைத் துடைத்துக்கொண்டு, சும்மா இருக்கிறோமே என்று அந்தப் பதினான்காவது லேபிளை எடுத்து வாசித்தேன்.

'அல்பனா: வங்காளப் பெண்கள் பூசை நாட்களில் இடும் தரை ஓவியம். இந்தக் கண்காட்சியின் இதயம். இரண்டு நாள் உழைப்பு.'

அலுவலகத் தொலைபேசிக்கு ஓடினேன். அண்ணை நித்திரைக் குரலில் எடுத்தார்.

"அம்மா எங்கை?"

"விம்பிள்டன் கோயிலுக்குப் போட்டா. ஏன்?"

"எங்கட பொங்கல் கோலத்துக்கு எத்தினை புள்ளி?"

"உன்னைப் படம் விளங்கப்படுத்தத்தானே எடுத்தவங்கள்?"

"கதையை விடுங்கோ அண்ணை. எத்தினை புள்ளி?"

"ஏழோ, ஒம்பதோ. நான் என்னத்தைக் கண்டன், நான் பானை தூக்கிற ஆள். எடியே, நீ பாஸ் பண்ணினதெல்லாம் சுவரில தொங்குது. அதில ஒண்டிலயும் கோலம் இல்லையோ?"

இருக்கவில்லை. கோலம் படிக்காத பெண்களின் வேலை என்று ஒதுங்கியவள் நான். சமையலறையில் அரிசிமாவும் இல்லை. சோடா கலந்த கேக் மா மட்டும் இருந்தது. அதைக் கரைத்து, ஏழு புள்ளியில் தொடங்கி, ஒன்பதுக்குத் தாவி, எட்டில் சரணடைந்தேன். இடப்பக்கம் தாமரைபோல ஒன்று வந்தது. வலப்பக்கம் வந்ததை நண்டு என்று சொல்லலாம். கேக் மா அல்லவா, கோடுகள் மெல்ல உப்பத் தொடங்கின. ஒரு மூலையில் மா முடிந்துபோய்க் கோடு பாதியில் நின்றது. அப்போது கதவு திறந்தது.

கவுன்சில்காரர் முன்னால், விருந்தினர் பின்னால், கடைசியில் ஜேன். நேற்று மாலை பழைய கோலத்தைப் பார்த்துவிட்டுப் போனவர் ஜேன். அவர் முகம் என் கேக் மாவைவிட வெளுத்தது. ஆனால் கவுன்சில்காரர் அதற்குள் பேசத் தொடங்கிவிட்டார்.

"பாருங்கள், இந்த வளைவுகளில் வங்காளத்தின் ஆறுகள் ஓடுகின்றன. இதோ, இங்கே கோடு சட்டென்று நிற்கிறது. பிரிவினையின் வலி."

எல்லோரும் அந்த மூலையைத் துக்கத்தோடு பார்த்தார்கள். நானும் பார்த்தேன். பார்த்ததோடு நின்றிருக்கலாம். "ஓம், அதுதான் எல்லைக்கோடு," என்று ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தினேன்.

அந்த நேரம் பார்த்து ரீனாதி வந்தார். அல்பனாவை வரைந்த அம்மா அவர். அறுபது வயது, பருத்திச் சேலை, கையில் ஒரு இனிப்புப் பெட்டி. தரையைப் பார்த்தார். நண்டை அதிக நேரம் பார்த்தார்.

"இது யாருடைய வேலை?"

"உங்களுடையதுதான், அற்புதம்," என்றார் கவுன்சில்காரர்.

ஜேன் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார். வாயைத் திறக்காதே என்று அர்த்தம். திறக்காவிட்டால் வேலை என்னுடையது. அது எனக்கு நன்றாகவே விளங்கியது. ஆனால் ரீனாதியின் விரல் நகங்களில் இன்னும் காய்ந்த மா இருந்தது.

"நான்தான் துடைத்தேன்," என்றேன். "இதைப் போட்டதும் நான்தான். அந்த மூலையில் மா முடிந்துவிட்டது."

கவுன்சில்காரர் தன் கோட்டுப் பைக்குள் எதையோ தேடத் தொடங்கினார்.

ரீனாதி இனிப்புப் பெட்டியைக் கீழே வைத்தார். "எங்கள் வீட்டிலும் பூசை முடிந்தால் அழித்துவிடுவோம். பூசை தொடங்க முன்பே அழித்தவளை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்." பிறகு குனிந்து என் கோலத்துக்கு வெளியே பலகையைத் தடவிப் பார்த்தார். "இரண்டு நாள் ஊறின மா. பலகையில் ஒரு கீறல் இல்லை. எதால் துடைத்தாய்?"

"வெந்நீர். பழைய துணி. மரத்தின் நார் ஓடுகிற பக்கமாகவே."

"சரி. இதையும் துடை."

அத்தனை பேர் முன்னாலும் துடைத்தேன். அவர் சேலையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்து வேறொன்று வரையத் தொடங்கினார். கவுன்சில்காரர் அதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அன்றுதான் முதல்தடவையாக, ஒன்றையும் எழுதிக்கொள்ளாமல், ஒரு படத்தை முழுதாகப் பார்த்தேன். கலைக்கூடத்துக்கு உதவி தொடர்ந்தது. நான் தொடரவில்லை, திங்கட்கிழமை ஜேன் தொலைபேசியில் மிகவும் மரியாதையாகச் சொல்லிவிட்டார்.

ஐந்து வருடமாகிவிட்டது. இன்றும் எங்கள் வீட்டில் கறி அடிப்பிடித்தால், "பிரிவினையின் வலி," என்கிறார் அண்ணை. அவருடைய கல்யாணத்தில், நான் மணவறைக் கோலத்தின் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ள ஒரு மச்சாளை நியமித்திருந்தார்கள்.

பழைய ஓவியங்களைச் சுத்தம் செய்து காப்பாற்றுவதற்கு ஒரு படிப்பு இருக்கிறது. எதைத் துடைக்கலாம், எதைத் தொடவே கூடாது என்று இரண்டு வருடம் சொல்லித் தருகிறார்கள். நேர்முகத்தில் முன்அனுபவம் உண்டா என்று கேட்டார்கள். உண்டு என்று சொல்லி, நடந்ததை நண்டு உட்பட முழுதாகச் சொன்னேன். இடம் கிடைத்தது. கலைக்கூடத்துக்குப் பிறகு சேர்ந்த கணக்காளர் அலுவலக வேலையைக் கடந்த வாரம் விட்டுவிட்டேன். நாளைக் காலை முதல் வகுப்பு.