ஊதா விளக்கும் நாற்காலியின் சாபமும்

ஊதாச்சாமியின் மாடிக்கு ஏற, படிக்கட்டில் தொடங்கித் தெருமுனை வரை வரிசை. சாமி பழைய பாணி ஆசாமி அல்ல. அவர் செய்வது 'மரபணுச் சாப நிவர்த்தி'. விஞ்ஞானம் வளர்ந்தால் சாபம் மட்டும் பின்தங்கி நிற்குமா?

முறை எளிது. வருகிறவர் கையில் சீடர் வெள்ளைத் துணி கட்டுவார். இருட்டறையில், கறுப்பு அங்கி போட்ட சாமி ஊதா விளக்கை ஏற்றுவார். துணி நீலமாக மின்னினால் பரம்பரைச் சாபம். இதுவரை மின்னாத துணியே இல்லை. என்ன துல்லியம் என்று ஊரே வாயைப் பிளந்தது.

போன வாரம் வந்தவர் ஒரு பஸ் டிரைவர், மனைவியோடு. அவர்களுடைய ஆறு வயது மகளுக்கு வெயில் ஆகாது. பத்து நிமிடம் பட்டால் முகம் வெந்து கொப்பளித்துவிடும். டாக்டர் பொறுமையாகத்தான் சொல்லியிருந்தார்: "வெயில்ல இருக்கற புற ஊதாக் கதிர் மரபணுவச் சேதப்படுத்தும். எல்லாருக்கும்தான். அதச் சரிபண்ண உடம்புக்குள்ளயே புரதங்க இருக்கு. அதுல ஒரு புரதம் ரெண்டு வேலை பாக்கும். சேதத்தையும் சரிபண்ணும், மரபணுவப் பிரிச்சு அதுல உள்ளதப் படியெடுக்கவும் உதவும். பாப்பாவுக்கு அந்தப் புரதமே பழுது. அம்மாகிட்டேருந்து ஒரு பழுது, அப்பாகிட்டேருந்து ஒண்ணு, ரெண்டும் சேந்து வந்திருக்கு."

'அப்பாகிட்டேருந்து' என்பது மட்டும் டிரைவரின் காதில் ஏறவில்லை. மனைவியின் கைத்துணி மின்னியதும் சாமி சொன்னது நன்றாக ஏறியது: "தாய்வழிச் சாபம். பிள்ளைய தினமும் அரை மணி நேரம் இந்த விளக்கு முன்னாடி உக்கார வை. சாபம் கருகிடும்."

கருகப்போவது குழந்தை.

இன்று முதல் நாள். தொப்பி, முழுக்கைச் சட்டையோடு குழந்தை. கூடவே டிரைவரின் அக்கா. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருபது வருஷமாக வேலை. விளக்கைப் பார்த்ததும் குழந்தையைத் தாயோடு அறைக்கு வெளியே நிறுத்தினாள்.

"இது எங்ககிட்டயும் இருக்கு சாமி. துணியில சலவைத்தூள் தங்கியிருக்கான்னு பாப்போம். மொதல்ல எனக்குக் கட்டுங்க. நான் இவனோட கூடப்பொறந்தவ, அப்பன் வழி."

கட்டினார்கள். மின்னியது. டிரைவர் திகைத்தார். அடுத்து, சலவைத்தூள் படாத கோடித்துணி ஒன்றைப் பையிலிருந்து எடுத்து மற்றக் கையில் கட்டிக்கொண்டாள். அது இருட்டோடு இருட்டாக இருந்தது.

"ஒரு கையில சாபம், ஒரு கையில இல்லையா சாமி?"

"சாபம் எறங்கிட்டு வருதும்மா," என்றார் சாமி, வியர்வையைத் துடைத்தபடி.

அவள் சாமியின் துணியை அவிழ்த்து நாற்காலிக் காலில் கட்டினாள். நாற்காலிக் கால் நீலமாக ஜொலித்தது.

"இதுக்குத் தாய்வழியா, தகப்பன்வழியா?"

கதவோரம் எட்டிப் பார்த்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவள் விளக்கை அணைத்துவிட்டுத் தம்பியிடம் திரும்பினாள். "மின்னினது சலவைத்தூள்டா. டாக்டர் சொன்ன கதிர் இதுலயும் இருக்கு. பிள்ளைய இது முன்னாடி உக்கார வைக்க இருந்தியே."

டிரைவர் வெளியே போய்க் குடையை விரித்து மகளின் தலைக்குப் பிடித்தார். மனைவியின் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "என்கிட்டேருந்தும்தான் வந்திருக்கு. உன்ன மட்டும் குத்தம் சொன்னது தப்பு."

சாமி பின்வாசல் வழியே மறைந்தார். வரிசை கலைந்தது. ஒருவர் மட்டும் நகராமல் கேட்டார்: "அப்ப அந்த நாற்காலிக்கு என்ன பரிகாரம்?"

ஐயா, நாற்காலியை விடுங்கள். அதற்கு மூளை இல்லை. உங்களுக்கு என்ன சாக்கு?