பதினேழு சர்வருக்கு நான் ஒட்டிய அஞ்சலி

செவ்லியெவோ,
ஞாயிற்றுக்கிழமை

புர்காஸ் துறைமுகத்துக் கிடங்கைத் தன் தொப்பையாலேயே முட்டுக் கொடுத்து நிறுத்தியிருக்கும் மதிப்பிற்குரிய மச்சான் வெனெலின் அவர்களுக்கு, பால் பண்ணை வாசல் காவலன் டோன்கோ எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கையும் நலம். அங்கே நீங்களும் உங்கள் மூட்டுவலியும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

நாளைக் காலை மேனேஜர் தானெவ் என்னைக் கூப்பிட்டிருக்கிறார். வேலை போய்விடும் போலிருக்கிறது. உங்கள் கிடங்குக்கு ஒரு வாசலும், அதில் ஒரு நாற்காலி போட இடமும் இருந்தால் எனக்காக ஒரு வார்த்தை சொல்லி வைக்கவும். நடந்ததைக் கேளுங்கள், எனக்கே இன்னும் படபடப்பு அடங்கவில்லை.

பண்ணையில் முன்பு ஒன்பது கம்ப்யூட்டர் சர்வர் இருந்தது, ஒவ்வொன்றும் பீரோ மாதிரி, ஓயாத இரைச்சல். போன வருஷம் ரதோஸ்தினா என்று ஒரு இஞ்சினியர் பெண் வந்தாள். ஒன்பதையும் கழற்றிப் போட்டுவிட்டு இரண்டே பெட்டி வைத்தாள். ஒன்பதும் அந்த ரெண்டுக்குள்ளேயே குடித்தனமாம், மெய்நிகர் சர்வராம். “கண்ணுக்குத் தெரியாது அண்ணே, ஆனா வேலை பார்க்கும்”னா. “நான் அப்படியே நேர் எதிர், தாயி”ன்னேன். நல்ல ஏற்பாடுதான், பொய் சொல்லக் கூடாது. கரன்ட் பாதியாக் குறைஞ்சுது, காலியான இடத்தில் சீஸ் டின் அடுக்கினோம், ஒண்ணு படுத்தா எடுத்து வச்ச நகல்லேர்ந்து கொஞ்ச நேரத்தில் எழுப்பிடுவா, புதுசு வேணும்னா ஒரு காபி குடிக்கிற நேரம். அங்கேதான் வினை. கேட்டதும் கிடைக்குதுன்னா எங்க ஆளுங்க விடுவாங்களா? லாரிக்கு ஒண்ணு, சோதனைக்கு ஒண்ணு, அந்தச் சோதனையைச் சோதிக்க ஒண்ணு, வருஷம் திரும்புறதுக்குள்ளே அறுபத்தொண்ணு! அதுல பதினேழு எதுக்கு ஓடுதுன்னே தெரியல, கேட்டவர் பெயர் மட்டும்தான் இருக்கு. “ஒரு பெட்டி விழுந்தா இன்னொண்ணு அதையும் சேர்த்துத் தாங்கணும் அண்ணே. இப்ப ரெண்டும் நிரம்பி வழியுது. ஒண்ணு விழுந்தா பண்ணையே நிக்கும், உறை ஊத்தின பால் அத்தனையும் சாக்கடைக்குத்தான்”னு கண் கலங்கினா. மூணு தடவை மின்னஞ்சல் போட்டாளாம், ஒருத்தர் பதில் இல்லை.

நம்ம ஊர்ல எவன் மின்னஞ்சல் படிக்கிறான்? கேட்ல ஒட்டினாத்தான் படிப்பான். “என்கிட்ட விடு”ன்னு பட்டியலை வாங்கி அச்சகத்துல குடுத்தேன். அவங்ககிட்ட எப்பவும் தயாரா இருக்கிறது கறுப்புக் கட்டம் போட்ட சாவு அறிவிப்புத் தாள்தான். சர்வருக்கு ஏது முகம், கேட்டவங்க படத்தை ஆபீஸ் அட்டையிலேர்ந்து எடுத்துப் போட்டேன். வாசகம் என் சொந்தச் சரக்கு: “நம்மிடையே ஓசையின்றி உழைத்தபின், வெள்ளி மாலை நான்கு மணிக்கு இறுதி ஓய்வு. உரியவர்கள் ரதோஸ்தினாவை அணுகவும்.” சர்வர்ங்கிற வார்த்தையை மட்டும் விட்டுட்டேன், அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேன்னு. செவ்வாய்க்கிழமை பதினேழையும் கேட்ல ஒட்டிட்டு வீட்டுக்குப் போனேன்.

மச்சான், புதன்கிழமை காலையில வந்து பார்த்தா எனக்கு மூச்சே நின்னுடுச்சு! கேட் முழுக்கப் பூ, அத்தனையும் ரெட்டைப்படை, சாவுக்கு வைக்கிற கணக்கு. கிண்ணம் கிண்ணமா துக்கத்துக்கு அவிச்ச கோதுமை. ஒரே நாள்ல பதினேழு பேர் போயிட்டாங்களாம், பால்ல விஷமாம்னு ஊரே பேசுது, பால் வண்டியெல்லாம் திரும்பிப் போகுது. சோதனைக்கூடத்துப் பனாயோத்தோட மாமியார் அவன் படத்தைப் பார்த்து மயங்கி விழுந்துட்டா. அவனோ லீவு முடிஞ்சு வெந்நீர் ஊற்றுலேர்ந்து சிவக்கச் சிவக்க அப்பத்தான் வந்து இறங்குறான். “என்ன டோன்கோ, யாருக்கு?”ன்னான். “உனக்குத்தான்”னேன். படத்தைப் பார்த்தான், மாமியாரைப் பார்த்தான். “அவங்களுக்கு என் மேல இவ்வளவு பாசமா?”ன்னு அழுதுட்டான். மேனேஜர் கறுப்பு டை கட்டிவந்து ஒரு நிமிஷம் தலை குனிஞ்சு நின்னாரு. நிமிர்ந்தப்புறம்தான் பதினோராவது படம் தன்னோடதுன்னு கவனிச்சாரு. “யோவ் டோன்கோ! திங்கக்கிழமை என் அறைக்கு வா!”

ஆனா பாருங்க, மதியத்துக்குள்ளே பதினாறு பேர் மூச்சிரைக்க ஓடிவந்து, “நான் உயிரோடதான் இருக்கேன், அந்தச் சர்வரை மட்டும் நிறுத்தித் தொலை”ன்னு ரதோஸ்தினாகிட்டே கையெழுத்துப் போட்டாங்க. மிச்சம் ஒண்ணு, ஓய்வு பெற்ற யோர்தான்காவோடது. போன் எடுக்கல. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அதையும் சேர்த்து நிறுத்தினா. அஞ்சு நிமிஷத்துல தயிர் அறையில் சூடு தாறுமாறா ஏறுது! அந்த அறைச் சூட்டைக் கவனிச்சுக்கிட்டு இருந்ததே அதுதானாம், ஒரு மனுஷனுக்கும் தெரியல. ரதோஸ்தினா பெட்டிக்கிட்டே ஓடினா. நகல்லேர்ந்து எழுப்ப உட்கார்ந்தா. பதினாலு நிமிஷம், மச்சான். நான் சிலுவை போட்டுப் போட்டுக் கையே வலிச்சுப் போச்சு. தயிர் பிழைச்சுக்கிச்சு. நான் பிழைப்பேனான்னு நாளைக்குத் தெரியும்.

உங்கள் வீட்டம்மாவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். கடவுள் உங்களுக்கு நீண்ட ஆயுளும் உங்கள் கிடங்குக்கு அகலமான வாசலும் அருளட்டும்.

இப்படிக்கு,
டோன்கோ

பின்குறிப்பு: இன்று திங்கள் மதியம். வேலை போகவில்லை, வாசல் எதுவும் தேட வேண்டாம். இனி யாருக்கு சர்வர் வேணும்னாலும் என்கிட்டே வந்து, எதுக்கு, எப்போ நிறுத்தலாம்னு எழுதிக் கையெழுத்துப் போடணுமாம், மேனேஜர் உத்தரவு. காலையிலேர்ந்து பத்தொன்பது பேர் வந்துட்டாங்க. கேட்டா இப்படி ஒண்ணு கிடைக்கும்னே நான் ஒட்டினதைப் பார்த்துத்தான் தெரிஞ்சுதாம். முதல் மனு என்னோடதுதான், பதிவேடு வைக்க ஒண்ணு, அது படுத்துட்டா இருக்கட்டும்னு இன்னொண்ணு. எப்போ நிறுத்தலாம்ங்கிற இடத்தை மட்டும் காலியா விட்டிருக்கேன்.