வாசலில் மூன்று நூல் கோன்

அந்த ஐப்பசியில் ஒரு தீர்மானம் எடுத்தேன். வங்காள விரிகுடாவில் எந்தப் புயல் கிளம்பினாலும் சரி, திருப்பூர் நெருப்பெரிச்சலில் என் வீட்டு ஃபேன் நிற்கக் கூடாது.

சிரிக்காதீர்கள். கடலுக்கும் நெருப்பெரிச்சலுக்கும் நடுவே நாலைந்து ஜில்லா கிடக்கிறது என்பது எனக்கும் தெரியும். எட்டாவதோடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. நான் பேப்பரை விடவில்லை. போண்டா கட்டி வரும் பேப்பரைக்கூட எண்ணெயை ஒற்றிவிட்டு இரண்டு பக்கமும் படிப்பேன். புயல் கடலோரம் கரையைக் கடக்கும். கரண்ட் எல்லா ஊரிலும் கடந்து போய்விடும். இதுதான் நான் படித்து அறிந்தது.

நான் நிட்டிங் கம்பெனியில் நைட் ஷிப்ட் ஆபரேட்டர். பதினெட்டு வருஷமாக, ஊர் தூங்கும்போது நூலைத் துணியாக்கிக்கொண்டு நிற்கிறேன். ஊர் எழும்போது நான் படுக்க வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை சிவகங்கைப் பக்கம் சொந்த ஊருக்குப் போகும்போதுதான் மத்தியான வெயிலையே பார்க்கிறேன். அடையாளம் தெரியாமல் இரண்டு பேரும் முறைத்துக்கொள்வோம்.

இரண்டாயிரத்து எட்டாம் வருஷம் அது. எங்கள் பகுதிக்குத் தினமும் பத்து மணியிலிருந்து பன்னிரண்டு மணிவரை கரண்ட் கட். நான் சாப்பிட்டுப் படுத்துக் கண் சொருகும் நேரம். தலைமாட்டில் இருக்கும் டேபிள் ஃபேன் கடகடவென்று ஓடும்வரை பக்கத்தில் பட்டாசு வெடித்தாலும் எழமாட்டேன். அது நின்ற மறுநொடி, பொம்மைக்குக் கண் திறந்த மாதிரி இரண்டு கண்ணும் திறந்துகொள்ளும். காற்று இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் இல்லை என்பது என் ஆராய்ச்சி முடிவு.

தூக்கம் கெட்டதன் பலன் கம்பெனியில் தெரிந்தது. ஒரு ஊசி உடைந்ததைக் கவனிக்காமல் நின்றபடியே கண்ணயர்ந்துவிட்டேன். ஒரு துணி ரோல் முழுக்க ரயில் தண்டவாளம் போல ஓட்டை. சூப்பர்வைசர் மகுடேஸ்வரன் கோவப்படவில்லை. கோவப்பட்டிருந்தால் தேவலை.

"ஏனுங்ணா, நீங்க பெரியவங்க. உங்களுக்கு நாஞ் சொல்லக் கூடாதுங்க. இன்னொரு ரோல் ஓட்டையாச்சுன்னா மிஷின்ல இருந்து எடுத்துப்போட்டு, ரோல் தூக்க விட்டுருவனுங்க. மனசுல வெச்சுக்காதீங்க."

இந்த இடுப்பு ரோல் தூக்கும் இடுப்பில்லை. அன்றே சகாயராஜிடம் போனேன். எங்கள் கம்பெனி ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்பவன், தூத்துக்குடிக்காரன்.

"அண்ணாச்சி, எங்கிட்ட லாரி பேட்டரி ஒண்ணு கெடக்கு, ஒரு இன்வெர்ட்டரும் கெடக்கு. கொண்டாந்து மாட்டுதேன். ஆனா ஒரு ஃபேன், ஒரு லைட்டு. அவ்வளவுதான் தாங்கும். டிவி கிவி போட்டியள்னா சார்ஜ் ஏறவே ஏறாது, சொல்லிட்டேன்."

இனி ஒரே ஒரு தடைதான். என் மனைவி வேல்விழி.

எங்கள் வீடு லைன் வீடு, வரிசையாக ஒட்டிக் கட்டியதில் ஒன்று. பத்துக்குப் பத்து ஒரு அறை, அடுப்பு வைக்க ஒரு தடுப்பு. நான் படுத்தால் கால் ஒரு ஊரிலும் தலை ஒரு ஊரிலும் இருக்கும். மூலையில் வேல்விழி ஊரிலிருந்து கொண்டுவந்த மிதி தையல் மிஷின். பேட்டரி வைக்க அந்த மூலையை விட்டால் இடமில்லை. மிஷின் வெளியே போனால்தான் பேட்டரி உள்ளே வரும். 'என் ஃபேனுக்காக உன் மிஷினைக் கொடு' என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. ஆகவே புயலைத் துணைக்கு அழைத்தேன்.

"ஏ வேலு, இந்த வருஷம் மூணு புயலாம். வானிலைக்காரங்க சொல்றாங்க."

"எங்க?"

"வங்காள விரிகுடா."

"அது எந்தப் பஸ் ஸ்டாப்பு?"

"விளையாடாத. புயல் வந்தா கரண்ட் ஒரு வாரம் வராது. தண்ணி மோட்டார் ஓடாது. திருப்பூரே இருட்டாயிரும். முன்னேற்பாடு வேணும்ல?"

"மெழுகுவத்தி வாங்கலாம்."

"மெழுகுவத்தி! புயலுக்கு மெழுகுவத்தியா? ஊதுனா அணைஞ்சிரும். இன்வெர்ட்டர் வேணும். பேட்டரி வேணும். அதுக்கு இடம் வேணும். இந்தா இந்த மிதி மிஷின் சும்மாதான கெடக்கு…"

அவள் என்னைப் பார்த்தாள். பழுத்த பப்பாளியைக் கத்தி பார்ப்பது மாதிரி.

"ஏங்க, ரெண்டும் இருக்கட்டும். மிஷின உங்க தலமாட்டுக்கு நகத்திக்கிறேன். மழைக்காலம் முடியட்டும். எது சும்மா கெடக்குதோ அது வெளிய போகட்டும். சரியா?"

சரியா என்று கேட்டாளே, அங்கேயே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பதினாறு வருஷத்தில் அவள் என்னிடம் அப்படிக் கேட்டதே இல்லை.

பேட்டரி வந்தது. சந்தோஷத்தில் நான் இன்னொரு முன்னேற்பாடும் செய்தேன். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுவார்கள் என்று சகாயராஜ் சொல்லியிருந்தான். எங்கள் லைன் வீட்டுக்கும் ஒரு எச்சரிக்கை வேண்டாமா? கம்பெனியில் நூல் தீர்ந்த காலிக் கோன்களை எடுத்து வந்தேன். வாசலில் ஒரு கோன் தொங்கினால் காற்றழுத்தத் தாழ்வு. இரண்டு கோன், மண்டலம். மூன்று கோன், புயல்.

வீட்டுக்காரம்மா நஞ்சம்மாள் வந்து அண்ணாந்து பார்த்தார்.

"ஏனுங் சோணமுத்து, ஊட்டு வாசல்ல என்னுங்க இது? திருஷ்டிக்குங்களா?"

"இல்லீங்கம்மா, புயல் எச்சரிக்கை. இப்ப ஒண்ணாம் நம்பர்."

"அட சாமி! நம்மூர்ல மழையே நாலு தூத்தல்தான் போடுது. படிச்சவங்க சொன்னா செரியாத்தான் இருக்குமுங்க."

படிச்சவங்க என்றார். அன்று முழுக்க மார்பு இறங்கவில்லை.

அதன் பிறகு நடந்ததுதான் ஆச்சரியம். நான் தூங்கினேன். அப்படி ஒரு தூக்கம்! பத்து மணிக்குக் கரண்ட் போகும் முன்பே கண் சொருகும். எழுந்தால் மணி நான்கு. இடையில் ஒரு புரளல்கூட இல்லை. பேட்டரியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் ஷிப்டுக்குப் போவேன். கம்பெனியில் என் ரோல்களில் ஒரு பொத்தல் இல்லை. டீக்கடையில் நான்கு பேருக்கு இன்வெர்ட்டரின் மகிமையைச் சொன்னேன். கேட்காத இரண்டு பேருக்கும் சொன்னேன்.

ஆனால் எனக்கு எதையும் துருவிப் பார்க்கும் புத்தி. சில விஷயங்கள் உறுத்தின.

முதலாவது, ஃபேன் காற்றிலேயே தூங்கியும் எழும்போது முதுகு தெப்பமாக நனைந்திருந்தது.

அடுத்து, கோன்கள். நான் படுக்கும்போது ஒன்று தொங்கும். மாலையில் பார்த்தால் மூன்று தொங்கும். ரேடியோவில் புயலே இல்லை.

"வேலு, யாரு கோனை மாத்துனது?"

"காத்துல ஆடி ஒண்ணோட ஒண்ணு சேந்துக்கிருச்சோ என்னமோ."

"கோன் என்ன கோழிக்குஞ்சா, தானா சேர்றதுக்கு?"

"நாந் தொடல. உங்க வானிலை ஆராய்ச்சி, நீங்கதான் கண்டுபிடிக்கணும்."

மூன்றாவது நடந்தது கம்பெனியில். மகுடேஸ்வரன் என் முதுகைத் தட்டிவிட்டு, பிறகு அதில் எதையோ படித்தான்.

"ஏனுங்ணா, உங்கள இஸ்திரி போடக் கூடாதுங்களாமா?"

பனியனிலிருந்து ஒரு சின்ன லேபிளைப் பிய்த்துக் கொடுத்தான். குழந்தைச் சட்டைக் கழுத்தில் தைக்கிற லேபிள். 'இஸ்திரி போடாதே, தனியாகத் துவை' என்று இங்கிலீஷில் அச்சடித்திருந்தது. எங்கள் வீட்டில் குழந்தையும் இல்லை, குழந்தைச் சட்டையும் இல்லை. அதைப் பற்றி நானும் வேல்விழியும் பேசுவதை நிறுத்திப் பல வருஷமாகிறது. இந்த லேபிள் என் முதுகுக்கு எப்படி வந்தது?

மறுநாள் தூங்குவது போல நடித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். பாயில் படுத்தேன். ஒரு கண்ணை மட்டும் நூல் பருமனுக்குத் திறந்து வைத்துக்கொண்டேன். பத்து அடிக்கப் போகிறது. வேல்விழி வாசலுக்குப் போனாள். பக்கத்து வீட்டு ராமாயியின் குரல் கேட்டது: "அக்கா, வரலாமா?" "இரு, இன்னும் கோனு ஏத்தல." ஆகா, சிக்கிவிட்டார்கள் என்று நினைத்தேன்.

அவ்வளவுதான் நினைத்தேன். எழுந்தபோது மணி நான்கு.

அடுத்த நாள் தொடையில் ஊக்கைக் குத்திக்கொண்டு படுத்தேன். மணி நான்கு. அதற்கடுத்த நாள் வாயில் பச்சை மிளகாயை வைத்துக்கொண்டு படுத்தேன். மணி நான்கு. வாய் மட்டும் எரிந்தது. வேவு பார்க்கப் போனவன் மூன்று நாளும் எதிரி முகாமில் குறட்டை விட்டதுதான் மிச்சம்.

கார்த்திகையில் நிஜமாகவே புயல் வந்தது. கரையோரத்தில் எங்கோ கடந்தது. எங்களுக்கு விடாத மழையும் காற்றும். நான் ஷிப்ட் முடிந்து நனைந்துகொண்டு வீட்டுக்கு வந்த காலையில், மணி எட்டரைக்கே, கரண்ட் போய்விட்டது. லைன் வீடு முழுக்க ஐயோ என்றது. நான் மட்டும் புன்னகைத்தேன். நானே என் கையால் மூன்று கோன் ஏற்றினேன். குடையோடு வந்த நஞ்சம்மாள், வேகமாக உள்ளே ஒரு காலை வைத்து, என்னைக் கண்டதும் அப்படியே நின்றார்.

"அட, முழிச்சிட்டு இருக்கறீங்களா! மூணு கோனப் பாத்தனுங்களா, அதான்…"

"புயலுக்குப் பயந்து வந்தீங்களாம்மா? பயப்படாதீங்க. நம்ம வீட்ல கரண்ட் இருக்கு."

எல்லோரும் பார்க்க இன்வெர்ட்டர் சுவிட்சைப் போட்டேன். ஃபேன் மூன்று சுற்றுச் சுற்றியது. இன்வெர்ட்டர் கீச்கீச்சென்று கத்தியது. பிறகு இரண்டும் சேர்ந்து கண்ணை மூடிக்கொண்டன.

"என்னாச்சு? தினம் ரெண்டு மணி நேரம் ஃபேன் மட்டுந்தான ஓடுது! சார்ஜ் எங்க போச்சு?"

நஞ்சம்மாள் ராமாயியைப் பார்த்தார். ராமாயி கூரையைப் பார்த்தாள். கூரை ஒழுகியது. வேல்விழி மட்டும் ஒரு சொம்பை எடுத்து ஒழுகும் இடத்தில் வைத்தாள்.

"சார்ஜ் கெடக்கட்டும். படுங்க."

"எப்படிப் படுக்கிறது? தூக்கம் போச்சு! இன்னைக்குக் கண்ணசந்தா நாளையில இருந்து ரோல் தூக்கணும்! எங்க இடுப்பு? எங்க ரோலு? காத்து இல்லாம எனக்கு…"

"கண்ண மூடுங்க."

"கண்ண மூடுனா காத்து வந்துருமா? விஞ்ஞானம் தெரியாமப் பேசாத. மனுஷ உடம்பு சூட்டுக்கும் தூக்கத்துக்கும் ஒரு தொடர்பு…"

அவள் என் தலைமாட்டில் இருந்த தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தாள். காலை வைத்தாள். கட, கட, கட, கடகடகடகட. விஞ்ஞானத்தின் இரண்டாம் பாகத்தைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

எழுந்தபோது மணி நான்கு. வெளியே மழை. கரண்ட் இல்லை. ஃபேன் அசையவே இல்லை. மிதித்துக்கொண்டிருந்த ராமாயி அப்போதுதான் காலை எடுத்திருந்தாள்.

அப்புறம்தான் முழுசும் வெளியே வந்தது. எனக்குத் தூக்கம் தருவது காற்றல்ல, சத்தம். பதினெட்டு வருஷம் மிஷின் பக்கத்தில் நின்றவனுக்குச் சத்தம்தான் தாலாட்டு. அது நின்றால்தான் பதறி விழிப்பான். இது எனக்குத் தெரியவில்லை. வேல்விழிக்குப் பேட்டரி வருவதற்கு முன்பே தெரிந்துவிட்டது.

"நீங்க புயல்னு ஆரம்பிச்சதுக்கு முந்தின நாளு, கரண்ட் போனதும் சும்மா மிதிச்சுப் பாத்தேன். தொறந்த கண்ணு தானா மூடுச்சு. பேட்டரி வந்ததும், இதுல ஃபேனு எதுக்குன்னு பிளக்கப் புடுங்கிட்டு டிவியச் சொருகிட்டேன். பதினோரு மணி நாடகம் விட்டுப்போகுதுன்னு வீட்டுக்காரம்மா அழுகுறாங்க."

"அழுவலீங்க சாமி," என்றார் நஞ்சம்மாள். "மனசு கேக்கலீங்க, அவ்வளவுதான். சும்மா ஒண்ணும் வரலீங்க. எங்க மருமகன் கம்பெனில கரண்ட் போனா பவர் டேபிள் தையல் மிஷின் எல்லாம் நின்னு போகுதுங்க. லேபிள் வெக்கற கொழந்தச் சட்டை பீஸைக் கொண்டாந்து குடுத்தா உங்க சம்சாரம் மிதியிலேயே தெச்சுக் குடுத்துருதுங்க. நானும் ஒரு கை… ஒரு கால் மிதிப்பனுங்க."

"அப்போ அந்தக் கோனு?"

"ஒண்ணுன்னா நீங்க முழிச்சிருக்கீங்க," என்றாள் ராமாயி. "மூணுன்னா தூங்கிட்டீங்க, வரலாம்."

"மிதிக்கிற ஆள் மாறும்போது சத்தம் நிக்குமே? நான் முழிச்சிருப்பேனே?"

"உங்க கம்பெனில அடுத்த ஆளு வந்து மிஷின்ல கை வெக்கிறதுக்கு முன்னாடி நீங்க விட்டுட்டு வருவீங்களா?" என்றாள் வேல்விழி. "நீங்க சொல்லிக்குடுத்த ஷிப்டு முறைதான். அவ கால வெச்ச பொறவுதான் நான் கால எடுப்பேன். கரண்ட் வந்ததும் ஃபேனப் போட்டுட்டு மிதிய நிப்பாட்டுவோம்."

எழுந்து போய் வாசலில் மூன்று கோனில் இரண்டைக் கழற்றினேன். முழித்திருக்கிறேன் அல்லவா.

பேச்சுப்படி, மழைக்காலம் முடிந்ததும் சும்மா கிடந்தது வெளியே போனது. சகாயராஜ் வந்து பேட்டரியைத் தூக்கிக்கொண்டு, "டிவி போட்டியளா அண்ணாச்சி?" என்று கேட்டான். நான் பேட்டரிக்குக் கடைசியாக ஒரு கும்பிடு போட்டேன். அந்த மூலையில் இப்போது ராமாயிக்கும் ஒரு மிதி மிஷின் நிற்கிறது. திருப்பூரே கரண்ட் இல்லாமல் நிற்கும் நேரத்தில் எங்கள் பத்துக்குப் பத்தில் உற்பத்தி நடக்கிறது. எந்தப் புயலுக்கும் எங்கள் வீடு தயார். ஏற்பாடு செய்தது நான்தான் என்று டீக்கடையில் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஒரு விஷயத்தை மட்டும் அங்கே சொல்லவில்லை. நேற்று நல்ல தூக்கத்தில் இருந்தேன். திடீரென்று கடகட சத்தம் நின்றது. இரண்டு கண்ணும் தானாகத் திறந்தன. வேல்விழி மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு, என் முகத்துக்கு நேராக மண்ணெண்ணெய் கேனை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"ரேஷன் கடையில வரிசை கம்மியாம். வாங்கிட்டு வாங்க, மறுபடி மிதிக்கிறேன்."