எலுக்கோவுக்குக் கல் விளையவில்லை

கண்ணாடியின் முன் வாயை அகலத் திறந்துகொண்டு நின்ற எலுக்கோ, இரண்டு கைகளால் தாடைகளைப் பிடித்தபடி மூன்றாம் கையால் தம் முதுகில் ஓங்கி அறைந்தார். விழுவதை ஏந்துவதற்காக நான்காம் கை மோவாயின் கீழே விரிந்திருந்தது. ஒன்றும் விழவில்லை.

"வந்துச்சா?" என்று அடுப்படியிலிருந்து கேட்டாள் அவருடைய மனைவி நிவே.

"வரலை."

"நல்லா இருமிப் பாருங்க."

"விடிஞ்சதுலேர்ந்து இருமிக்கிட்டேதான் இருக்கேன். உள்ளே இருந்தாத்தானே வரும்?"

நிவே ஈரக் கைகளோடு ஓடி வந்து கணவரின் தொண்டைப் பையை அழுத்திப் பார்த்தாள். அது வெறும் தோலாய்த் தொளதொளத்தது. அவளுடைய பையோ முட்டையை விழுங்கியது போலப் புடைத்திருந்தது.

"ஐயையோ, ஒரு மணல்கூட இல்லையே! இன்னைக்கு மும்மதி நாளுங்க. தெருத்தலைவர் கல்லு வைக்காம வேற யார் வைக்க முடியும்?"

"அதை எனக்கு ஞாபகப்படுத்தவா ஓடி வந்தே?"

மும்மதி நாளில் மூன்று நிலவுகளும் ஒரே கோட்டில் நின்று கடலைத் தூக்கும். இசோமா நகரத்துக்கும் கடலுக்கும் இடையே இருப்பது கரைதாங்கிக் கடவுளின் மதில் ஒன்றே. அந்த மதிலை உயர்த்துவது செங்கல்லன்று, குடிகளின் குற்றம். பொய்யோ, பொறாமையோ, வாய்க்குள் முணுமுணுத்த வசவோ, எதுவாயினும் தொண்டைப் பைக்குள் மணலாய் விழுந்து, எச்சில் சுற்றிச் சுற்றி, ஆண்டு முடிவில் கல்லாகும். சூடான குற்றமாயின் நின்ற நிலையிலேயே கல்லாகிவிடும். அதனை இருமியெடுத்து மதிலில் வைத்தால் கரைதாங்கி மன்னித்துவிடுகிறார்; மதிலும் ஒரு வரிசை உயர்ந்துவிடுகிறது. இந்த ஏற்பாட்டை மூடத்தனம் என்று ஏளனம் செய்யும் அறிவாளிகள் இப்போது பெருகிவிட்டார்கள். அவர்கள் ஒரு மும்மதி நாளில் மதிலுக்கு வெளியே நின்றுகொண்டு ஏளனம் செய்து பார்க்கட்டும்.

ஒவ்வொரு தெருவுக்கும் மதிலில் ஒரு பங்கு உண்டு. தெருத்தலைவர் தமக்குரிய கல்லை முதலில் வைக்காமல் பிறர் கல் வைத்தல் கூடாது. மதிலில் செதுக்கிய மூன்று கோடுகளில் மூன்றாவதை நீர் தொடுமுன் வரிசை தொடங்காவிட்டால் தெருவின் நாற்பது வீடுகளும் அலைக்கு. தலைவரின் குடும்பம் நகரத்துக்கு வெளியே.

சென்ற ஆண்டு இதே நாளில் எலுக்கோ ஊரிலேயே இல்லை. ஓராண்டு மௌனவிரதம் பூண்டு தவத்தீவுக்குச் சென்றிருந்தார். அவர் இல்லாத அந்த ஆண்டில் தெருவின் மதில் ஒரு வரிசை குறைந்துபோய், வீடுகளுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. மறுநாளே பதினேழு பேர் படகேறித் தீவுக்கு வந்து, அவர் கால்களைப் பிடித்துக்கொண்டு அழுது, அழைத்து வந்து, தெருத்தலைவராகவும் ஆக்கினார்கள். தம்முடைய தூய்மைதான் தெருவைக் காத்து வந்தது என்பது எலுக்கோவுக்கு அன்று விளங்கியது. ஆகவே, இந்த ஆண்டு அதனை இரட்டிப்பாக்கினார். விடியுமுன் எழுந்து தம் வாசலைப் பெருக்குவார். எதிர்வீட்டு வாசலையும் பெருக்குவார். எதிர்வீட்டுக்காரர் எழுந்து வந்து பார்க்கும்வரை துடைப்பத்தோடு புன்னகைத்தபடி காத்து நிற்பார். அதன் விளைவு, இதோ, கண்ணாடியில் தெரிகிறது.

"என்னைத் திட்டுங்க," என்றாள் நிவே. "சூடாத் திட்டினா உடனே கல்லாயிடும்."

"எதுக்குத் திட்ட?"

"கஞ்சியைத் தீய விட்டுட்டேன். மோந்து பாருங்க."

எலுக்கோ முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டார். "நிவே! உனக்கு அறிவு..." நெற்றி வியர்த்தது. "உனக்கு அறிவு இருந்தும் கஞ்சி தீயுதுன்னா, உன் தலையில அவ்வளவு வேலையைக் கட்டியிருக்கேன்னு அர்த்தம். தப்பு என்மேலதான். நகரு, நான் கிளர்றேன்."

கிளறினார். அத்துடன் நில்லாமல், அவள் தேய்த்துக் கவிழ்த்திருந்த பாத்திரங்களையும் எடுத்து மறுபடி தேய்த்தார். "அடியில கொஞ்சம் கரி இருந்துச்சு. நீ கவனிச்சிருக்க மாட்டே. பரவாயில்லை, நான் பார்த்துக்கிட்டேன்."

நிவே தொண்டையைத் தடவிக்கொண்டாள். அவள் நெகிழ்ந்துவிட்டாள் என்று எலுக்கோ எண்ணினார்.

கடற்கரையில் முதற்சங்கு ஊதியது. நீர் முதற்கோட்டைத் தொட்டுவிட்டது.

எலுக்கோ தெருவில் பாய்ந்தார். பக்கத்து வீட்டுப் பெத்துக்குவின் முற்றத்தில் ஏணி ஒன்று சாய்ந்திருந்தது. திருட்டைக் காட்டிலும் சூடான குற்றம் வேறென்ன இருக்க முடியும்? கரைதாங்கியை வேண்டிக்கொண்டு ஏணியைத் தோளில் ஏற்றித் திரும்பினார். எதிரே பெத்துக்குவே நின்றான்.

"அண்ணே, என் ஏணியை எங்கே தூக்கிட்டுப் போறீங்க?"

"திருடிக்கிட்டுப் போறேன்."

"என்னது?"

அந்தக் கணத்தில் ஏணியின் மூன்றாம் படி இரண்டாய் முறிந்து இருவருக்கும் நடுவே விழுந்தது. பெத்துக்கு படியைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான். கூரையைக் கட்டுவதற்காக இடுப்பில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு அவன் ஏறவிருந்த ஏணி அது.

"ஏறியிருந்தேன்னா இடுப்பு போயிருக்குமே!"

இவ்விடத்தில் எலுக்கோ வாயை மூடிக்கொண்டிருக்கலாம். அஃது அவரால் இயலவில்லை. "மூணாம் படி உளுத்திருக்குன்னு நாலு தடவை சொன்னேன் தம்பி. ஒரு தடவை எழுதிக்கூடக் குடுத்தேன்."

"அஞ்சு தடவை சொன்னீங்கண்ணே," என்றான் பெத்துக்கு. பற்கள் நெறுநெறுத்தன, தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. "தங்கமான மனசுண்ணே உங்களுக்கு." பிறகு தெருவைப் பார்த்துக் கத்தினான்: "கேட்டீங்களா! திருட வர்ற மாதிரி வந்து என் உசுரைக் காப்பாத்திட்டாரு!"

ஜன்னல்தோறும் தலைகள் முளைத்தன. "யாரு, தலைவரா? அவரு அப்படித்தான் செய்வாரு," என்றது ஒரு குரல். "வேற என்ன செய்வாரு," என்றது இன்னொரு குரல். எல்லாக் கைகளும் தொண்டைகளைத் தடவின. எலுக்கோவின் தொண்டையோ முன்னிலும் இலேசாகியிருந்தது.

தெருமுனையில் ஓமி நான்கு கைகளாலும் பாசிச்சாந்து குழைத்துக்கொண்டிருந்தாள். மதிற்கற்களை ஒட்ட வைக்கும் வேலை அவளுடையது. எலுக்கோ அவளருகில் குனிந்து, இதுவரை எவரிடமும் பேசியிராத தாழ்ந்த குரலில் கேட்டார்:

"ஓமி, உன்கிட்ட... யாரோடதாவது மிச்சக் கல்லு, பழசு, சின்னதா இருந்தாலும்..."

ஓமி தன் பிடரிக்கண்ணை மூடிக்கொண்டாள். அந்த மரியாதை அவரை மேலும் கூசச் செய்தது.

"திருட்டுக் கல்லு சாந்துல ஒட்டாதுங்கய்யா. நீங்களே போன வாரம் இங்க நின்னு அரை நாள் பாடம் எடுத்தீங்க. எனக்குச் சாந்தே காஞ்சுபோச்சு."

"ஆமாம். சொன்னேன்."

"பயப்படாதீங்க. நம்ம தெருவுக்கு இந்த வருஷம் வரிசை வந்துரும்."

தம்மீதுள்ள நம்பிக்கையால் பேசுகிறாள் பேதை என்று எண்ணியபடி அவர் நகர்ந்தார். இரண்டாம் சங்கு ஊதியது.

இனி எஞ்சியிருந்தது ஒரே குற்றம். குற்றங்களுள் எல்லாம் பெரியது. எலுக்கோ நேரே தெருக்கோயிலுக்குள் நுழைந்தார். கரைதாங்கியின் உருவத்தின் முன் ஒரு கிழவி கண்மூடி அமர்ந்திருந்தாள். எலுக்கோ விரலை நீட்டிக் கடவுளைப் பார்த்து உரக்கச் சொன்னார்:

"நீ வெறும் கல்லு! கேட்குதா? வெறும் கல்லு!"

கிழவி துள்ளியெழுந்தாள். "என்னய்யா சொன்னே?"

"வெறும் கல்லுன்னு சொன்னேன். இன்னும் சொல்லுவேன். உனக்குக் காதும் இல்லை, கண்ணும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை!"

கிழவியின் மூன்று கண்களிலிருந்தும் நீர் வழிந்தது. "முதல் மறையில இருக்கிற வாசகமாச்சே அது! 'கேளாத கல்லே, காணாத கல்லே.' பூசாரிக்கே மறந்துபோன பாட்டை இவரு நின்னு வாய்விட்டுப் பாடுறாரே! ஏ பெத்துக்கு! எல்லாரும் ஓடி வாங்க!"

எல்லாரும் ஓடி வந்தார்கள். கடவுளின் கழுத்திலிருந்த பாசிமாலை எலுக்கோவின் கழுத்துக்கு மாறியது. "விடுங்க! நான் திட்டினேன்யா! சாமியைத் திட்டினேன்!" என்று அவர் கதறினார்.

"பார்த்தியா, அடக்கத்தை," என்றான் பெத்துக்கு, தொண்டையைப் பிடித்துக்கொண்டு.

அவரைத் தோள்களில் ஏற்றி மதிலுக்கே கொண்டு சென்றார்கள்.

மதிலுக்கு அப்பால் கடல் கருத்து எழும்பி நின்றது. நீர் மூன்றாம் கோட்டுக்கு ஒரு சாண் கீழே நாக்கை நீட்டியது. பக்கத்துத் தெருவார் தங்கள் வரிசையை முடித்துக் கைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அலைக்காவலர் தொவுரு மூன்றாம் சங்கை வாயருகே வைத்துக்கொண்டு நின்றார்.

"எலுக்கோ! கல்லை வைங்க!"

எலுக்கோ மதிலின்மேல் ஏறி நின்றார். கீழே நாற்பது வீட்டாரும் அண்ணாந்து பார்த்தார்கள். நிவேயின் முகம் வெளுத்திருந்தது. அவர் இருமினார். காற்று வந்தது. மறுபடியும் இருமினார். மாலையின் பாசி ஒன்று உதிர்ந்தது.

"வைங்கய்யா! அரைச் சாண்தான் இருக்கு!"

இனி மறைத்துப் பயனில்லை என்று எலுக்கோ நான்கு கைகளையும் கூப்பினார்.

"என்னை மன்னிச்சிருங்க. என்கிட்டே கல்லு இல்லை. காலையிலேர்ந்து தேடிப் பார்த்துட்டேன். பொய் இல்லை, பொறாமை இல்லை, கோபம் இல்லை. ஒரு குறைகூட என்கிட்டே இல்லை. இவ்வளவு சுத்தமா இருந்திருக்கக் கூடாது, இருந்துட்டேன். உங்களுக்கெல்லாம் இருக்கிற மாதிரி எனக்கும் நாலு குறை இருந்திருக்கலாம். நான் என்ன செய்ய, வரமாட்டேங்குது. உங்க குறைகளையெல்லாம் நான் எழுதி வச்சிருக்கேன். அந்தப் பட்டியலை வச்சுத் தேடியும் எனக்கு ஒண்ணும் பொருந்தலை!"

நாற்பது வீட்டாரும் தொண்டையைப் பிடித்துக்கொண்டார்கள்.

முதலில் பெத்துக்கு இருமினான். அவன் கையில் முட்டையளவு கல் ஒன்று விழுந்தது. அதன் பின்னாலேயே, ஆவி பறக்க இன்னொன்று விழுந்தது. கிழவி இருமினாள். எதிர்வீட்டுக்காரர் குனிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருமினார். பிறகு நாற்பது வீடுகளும் ஒருசேர இருமின. பையைத் திறந்து கொட்டியது போலக் கற்கள் மணலில் சடசடவென விழுந்தன. கடைசியாக நிவே இருமினாள். அவள் உமிழ்ந்த கல்லைப் பார்த்து அலைக்காவலர் சங்கைக் கீழே போட்டுவிட்டார்; அவருடைய காலத்தில் அத்துணைப் பெரிய கல்லை அவர் கண்டதில்லை.

எலுக்கோவின் கண்கள் கலங்கின. "என் ஒருத்தனுக்காக... இத்தனை பேரா?"

நீர் மூன்றாம் கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே வந்துவிட்டது. ஓமி சாந்துக் கைகளோடு மதிலேறி, நிவேயின் கல்லைக் கொண்டுவந்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"சீக்கிரம் வைங்கய்யா."

"எப்படி வைப்பேன்? இது எனக்குரிய கல்லு இல்லையே ஓமி!"

"உங்களுக்குரியதுதான், வைங்க," என்றாள் ஓமி. "போன வருஷம் நீங்க தீவுக்குப் போனப்ப பொழுது நிம்மதியாப் போயி இங்க யாருக்குமே கல்லு சரியா விளையலை, அதனாலதானே வெள்ளம் வடியறதுக்கு முன்னாடியே படகு கட்டிக்கிட்டு வந்து உங்க கால்ல விழுந்தாங்க!"