கண்ணாடிக் கூடு கட்டிய யாவ்

கானா நாட்டில், வெயில் விட்டால் மழை, மழை விட்டால் வெயில் என்றிருந்த ஒரு காட்டில் யாவ் என்றொரு தூக்கணாங்குருவி வாழ்ந்தது. அதன் இனத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆண் கூடு கட்டும். பெண் உள்ளே புகுந்து பார்க்கும். பிடித்தால் கல்யாணம். பிடிக்காவிட்டால் ஆண் தன் அலகாலேயே கூட்டைப் பிய்த்துப் போட வேண்டும். மறுபடி கட்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டால் அந்த வருஷம் பிரம்மச்சரியம்தான்.

யாவின் கூட்டைப் பார்க்க எசி என்ற பெண் குருவி வந்தது.

"குளுகுளுன்னுதான் இருக்கு. ஆனா இந்தக் காலத்துல யாருங்க பனையோலையில கட்டுறாங்க?" என்று சொல்லிவிட்டுப் பறந்தது. யாவ் கூட்டைப் பிய்த்தது. எசி என்றால் அதற்கு உயிர்.

நகரத்தில் கொஞ்ச காலம் குப்பை கிளறிவிட்டுத் திரும்பிய ஓவுசு என்ற காகம் அப்போது வீட்டு அலங்கார நிபுணராகியிருந்தது. யாவ் அதனிடம் ஓடியது.

"தட்டைக் கூரை. நாலு பக்கமும் கண்ணாடி. எல்லாம் சாம்பல் நிறம். உள்ளே ஒரு சாமானும் இருக்கக் கூடாது" என்றது காகம்.

"முட்டை?"

"சாம்பல் நிறத்துல போட்டா ஒண்ணு வச்சுக்கலாம். மூலையில ஒரு பிளாஸ்டிக் செடி வைப்போம். பச்சையைப் பார்த்தா மனசுக்கு இதமா இருக்கும்."

யாவ் சுற்றியிருந்த காட்டை ஒருமுறை பார்த்துக்கொண்டது. "வெக்கையா இருக்காதா சார்?"

"அதுக்குத்தானே ஏசி."

"கரண்ட்?"

"வரும்போது வரும்."

கண்ணாடித் துண்டுகளை யாவ் மூச்சிரைக்கத் தூக்கி வருவதைப் பக்கத்துக் கிளைக் குருவி குவாகு தன் பனையோலைக் கூட்டிலிருந்து எட்டிப் பார்த்தது. "அண்ணே, இந்த வெயில்ல கண்ணாடியா? முட்டை அவிஞ்சு போயிடும்" என்றது. பேச்சில் தப்பே இல்லை. கதைகளில் கடைசியில் ஜெயிக்கிற குருவி இப்படித்தான் பேசும்.

எசி விடியற்காலையில் வந்து பார்த்தது. "இதுதாங்க வீடு" என்றது. அன்றே கல்யாணம் முடிந்தது. நடுப்பகலில் வீடு இட்லிப் பானையானது. புதுமணத் தம்பதி வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"இதுக்குள்ள போட்டா குஞ்சு வராது, ஆம்லெட்தான் வரும்" என்று எசி அழுதது. யாவ் பின்பக்கக் கிளையில், யார் கண்ணிலும் படாதபடி, பழைய மாதிரியே பனையோலையில் ஒன்று கட்டியது. குஞ்சுகள் அங்கே பொரிந்தன.

விருந்தாளிகளுக்கு மட்டும் கண்ணாடிக் கூடு. வந்தவர்கள் வேர்க்க வேர்க்க உட்கார்ந்து, "என்ன வெளிச்சம்" என்று புகழ்ந்துவிட்டு நேரே காகத்திடம் போனார்கள். கொஞ்ச நாளில் மரம் முழுக்க முன்னால் கண்ணாடி, பின்னால் ஓலை என்றாகிவிட்டது. காகத்தைப் பிடிக்க முடியவில்லை.

குவாகு மட்டும் மாறவில்லை. அதன் கூட்டையும் பார்க்க ஒரு பெண் வந்தது. உள்ளே போய் நன்றாகக் காற்று வாங்கிவிட்டு, முகம் மலர வெளியே வந்தது.

"பின்கட்டு ரொம்ப நல்லா இருக்குங்க. வீடு எங்கே?"

முதல் தூறல் விழுந்தபோது குவாகு தன் கூட்டைப் பிய்த்துக்கொண்டிருந்தது. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது.

நீதி: வசிக்கிற வீட்டைப் பின்னால் கட்டு, வேர்க்கிற வீட்டை முன்னால் கட்டு. சம்பந்தம் பேச வருகிறவர்கள் முன்பக்கமாகத்தான் வருவார்கள்.