பத்துக்கு ஒரு பக்கம்

உலகத்தில் புத்தகம் படிக்கிறவர்கள் உண்டு, படிக்காதவர்கள் உண்டு. இந்த இரண்டிலும் சேராமல், எதைப் படிக்கலாம் என்று பார்த்துக்கொண்டே ஆயுளைக் கழிக்கிற மூன்றாவது இனம் ஒன்றும் உண்டு. அந்த இனத்துக்குத் தேர்வாளர் என்று பெயர் வைத்திருக்கிறேன். சாதாரண நாட்களில் இவர்களால் யாருக்கும் ஆபத்தில்லை. வீட்டில் மனைவி உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்த பிறகுதான் இவர்களிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

என் எதிர்வீட்டுக்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். குடைத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். வரிசையாக வரும் குடைகளில் பத்தாவது குடையை மட்டும் எடுப்பார், விரிப்பார், உலுக்குவார், கம்பியைத் தட்டிக் காதில் வைத்துக் கேட்பார். அது தேறிவிட்டால் கூட வந்த ஒன்பதும் தேறியதாகக் கணக்கு, அதில் ஒரு கம்பி கோணியிருந்தால் பெட்டியோடு திருப்பி அனுப்பிவிடுவார். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நமக்குப் பழமொழி. அவருக்கு அது உத்தியோகம். தெருவில் அவரைப் 'பத்தாவது' என்றுதான் சொல்வோம். கோபித்துக்கொள்ள மாட்டார்.

மூன்றாவது மாதத்தில் அவர் மனைவி ஒன்று கேட்டார். தபால் நிலையத்தில் வேலை பார்ப்பவர், அதிகம் பேசாதவர்.

"ஏங்க, எனக்குக் கொஞ்சம் பயமா இருக்கு. யாரைக் கேட்டாலும் ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. பிரசவம், குழந்தை வளர்ப்பு எல்லாம் சேர்ந்தாப்பல ஒரே ஒரு புத்தகம் வாங்கிட்டு வாங்களேன். சின்னதா இருந்தாப் போதும்."

கேட்டீர்களா? ஒரே ஒரு புத்தகம். அதுவும் சின்னது.

"வாங்கறது பெரிசில்லம்மா," என்றார் பத்தாவது. "தப்பான புத்தகம் வீட்டுக்குள்ள வந்துடக் கூடாது. நான் பாத்துக்கறேன்."

பார்த்தார். கடைக்காரர் ஒன்றை எடுத்துக் கொடுத்தால், அட்டையில் குழந்தை சிரிக்கிறதே, பிறந்த குழந்தை எங்கேயாவது இப்படிச் சிரிக்குமா, ஆரம்பமே பொய் என்று வைத்துவிடுவார். எழுதினவர் கல்யாணமாகாதவர் என்றால், இவருக்கு என்ன தெரியும்? எழுதினவர் நாலு பிள்ளை பெற்றவர் என்றால், பிள்ளைகளைக் கவனிக்காமல் எழுத உட்கார்ந்த ஆளை எப்படி நம்புவது? ஒரு புத்தகம் பயமுறுத்துகிறது, அது கூடாது. இன்னொன்று பயப்படாதே என்று பக்கத்துக்குப் பக்கம் சொல்கிறது, அது இன்னும் சந்தேகம்.

"சார், உங்களுக்கு எந்த மாதிரிதான் வேணும்?" என்றார் கடைக்காரர்.

"அது தெரிஞ்சா நான் ஏங்க தேடறேன்?"

நியாயமான பதில்தானே?

கடையில் பிழைத்த புத்தகங்களுக்கு வீட்டில் பரிசோதனை. இங்கேதான் அவர் தொழில் கைகொடுத்தது. பத்தாம் பக்கம், இருபதாம் பக்கம், முப்பதாம் பக்கம் என்று பத்துக்கு ஒன்றாகப் படிப்பார். எதிர்ப் பக்கத்தில் கண் போய்விட்டால் பரிசோதனை கெட்டுவிடும் என்று ஒரு காலண்டர் அட்டையால் அதை மறைத்துக்கொள்வார். தேறாதவை ஒரு பழைய குடைப் பெட்டிக்குள் போய், கட்டிலுக்கு அடியில் தள்ளப்படும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள்; இவர் அந்தச் சுரைக்காயையும் பத்தில் ஒரு துண்டுதான் பார்த்தார்.

ஐந்தாம் மாதத்தில் மனைவி, "என்னங்க, கால் லேசா வீங்கியிருக்கே. இது எல்லாருக்கும் வர்றதுதானா?" என்று கேட்டார்.

பத்தாவது நெற்றியைச் சுருக்கினார். "பொருளடக்கப்படி அது அம்பத்தஞ்சாம் பக்கத்துல இருக்கும்மா. என்கிட்ட அம்பதும் அறுபதும்தான் இருக்கு."

அந்த அம்மாள் மறுநாள் தானே டாக்டரிடம் போய்விட்டு வந்தார். ஒத்தை ஆளாகப் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்ததைப் பார்த்தபோது எனக்குப் பற்றிக்கொண்டுதான் வந்தது. ஆனால் எதிர்வீட்டுக்காரன் எவ்வளவுதான் பேச முடியும்?

ஒன்பதாம் மாதத்தில் போட்டி ஒரே ஒரு புத்தகத்துக்கு வந்து நின்றது. நூற்று முப்பது பக்கம் வரை தேறியிருந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, அவர் தொழிற்சாலைக்குக் கிளம்புகிற நேரத்தில், வலி எடுத்துவிட்டது. என் கதவைத் தட்டினார். வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு உள்ளே ஓடினேன். அந்த அம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பத்தாவது நடு ஹாலில் புத்தகத்தோடு நிற்கிறார்.

"ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம். நூத்தி நாப்பதாம் பக்கத்துல கடைசி வரியில இருக்கு," என்று உரக்கப் படித்தார். "'வலி தொடங்கியதும் கணவர் முதன்முதலில் செய்ய வேண்டியது...'"

"என்னவாம்?" என்றேன்.

"பக்கம் முடிஞ்சிடுச்சு."

"எதிர்ப் பக்கத்தைப் பாருங்கய்யா!"

"அது கணக்குல சேராதுங்க. பாத்தா இவ்வளவு நாள் செஞ்சது வீணாயிடும்." காலண்டர் அட்டையை இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

அப்போதுதான் சுவரோரமாக இருந்து குரல் வந்தது.

"'கையில் இருக்கும் இந்தப் புத்தகத்தைக் கீழே வைப்பது.' நூத்தி நாப்பத்தொண்ணு, முதல் வரி."

பத்தாவது திரும்பிப் பார்த்தார்.

"லீவு போட்டதிலேருந்து, நீங்க வேலைக்குப் போனப்புறம் படிச்சேன்," என்றார் மனைவி, பல்லைக் கடித்துக்கொண்டு. "இதையும் படிச்சேன், பெட்டியில போட்டீங்களே அதுங்களையும் படிச்சேன். எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கு. இப்ப வந்து கையைப் பிடிக்கிறீங்களா, இல்ல நான் இவரோட போகட்டுமா?"

புத்தகம் கீழே விழுந்தது. அட்டையும் விழுந்தது.

பிற்பகலில் ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒரு சின்ன மூட்டையை அவரிடம் நீட்டினார். பெண் குழந்தை. வாங்குவதற்கு முன் இவர் கேட்ட கேள்வியைக் கேளுங்கள்:

"சிஸ்டர், இன்னிக்கு இங்க பொறந்ததுல இது எத்தனாவது?"

"ஏழாவது சார். ஏன்?"

ஏழாவது! பரிசோதனைக்கு வராத எண். பத்தாவதின் முகம் வெளுத்துவிட்டது. "கையை நீட்டுங்க சார், எனக்கு வேலை கிடக்கு," என்றார் நர்ஸ். நீட்டினார். குழந்தை அவர் சட்டைப் பொத்தானைப் பார்த்து ஒரு கொட்டாவி விட்டது. மனுஷன் உலுக்கவில்லை, தட்டிப் பார்க்கவில்லை. நின்ற இடத்திலேயே நின்று அழுதார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. இதை அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நாம் அப்படி இல்லை என்கிறீர்கள். சரி, போன மாதம் வீட்டில் கேட்ட ஒரு சின்னச் சாமானை வாங்காமல், எது நல்லது என்று இன்னும் விசாரித்துக்கொண்டிருப்பது யார்? இதைக்கூட முதல் பாராவைப் பார்த்துவிட்டு, நடுவில் நாலு தாண்டி, முடிவு எப்படி என்று பார்க்க வந்தவர்தானே நீங்கள்? போகட்டும். உள்ளேயிருந்து யாரோ மூன்றாவது தடவையாகக் கூப்பிடுகிறார்கள். நூற்று நாற்பத்தோராம் பக்கத்தின் முதல் வரி ஞாபகம் இருக்கிறதல்லவா?